ஃபியூஸ் கட்டையில் ஏழு இழை

29.11.2024 வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு முத்துமாரியம்மாள் நிலையத்தில் ஆஜராகிச் சொல்ல, தலைமைக் காவலர் சுரேஷ்கண்ணன் எழுதிய வாக்குமூலம்.

என் பெயர் முத்துமாரியம்மாள். வயது வாக்காளர் அட்டையில் எழுபத்தொன்று, நடப்பு எழுபத்துநாலு. கணவர் பெயர் பால்பாண்டி, காலமாகிவிட்டார். சொந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. இப்போது வைகை அணைத் தண்ணீர் ஓரத்தில் என் மகன் விஜயபாண்டி போட்டிருக்கும் மீன் கொட்டகையில் குடியிருக்கிறேன். மூன்றாவது வரை படித்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவேன், ரேகை வைக்க மாட்டேன். என்னை யாரும் கூப்பிட்டு வரவில்லை. என் மகன் படகு தீப்பிடித்த விஷயமாக அவன் கொடுத்த புகாரில் வயர்மேன் ராஜா முகம்மதுவைக் காலையிலிருந்து இங்கே உட்கார வைத்திருப்பதாகவும், சாயங்காலத்துக்குள் வழக்குப் போட்டு அவருடைய லைசென்சை ரத்து செய்யவும் எழுதப் போவதாகவும் கேள்விப்பட்டு, நானாக பஸ் ஏறி வந்தேன். உள்ளே வரும்போது அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றது தெரிந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை.

மேற்படி ராஜா முகம்மது உத்தமபாளையத்துக்காரர். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அது இந்தக் கேசுக்குத் தேவையில்லை என்று ஏட்டய்யா சொன்னார். தேவை, எழுதுங்கள் என்று சொன்னேன். 2012ஆம் வருடம் ஆவணி ஏழாம் தேதி வியாழக்கிழமை என் மகள் நதியாவின் கல்யாணம். மண்டபத்துக்கு லைட்டும் மைக்கும் அவர். கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது என்று என்னிடம் வாயால் சொன்னவர், அதை வேறொரு கல்யாண வீட்டுக்கு அனுப்பிவிட்டார். காலை அஞ்சேகாலுக்குக் கரண்ட் போனது. இருட்டுக்குள் கெட்டிமேளம் வாசித்தார்கள். யாரோ தூக்கிப் பிடித்த செல்போன் வெளிச்சத்தில் என் மருமகன் தாலி கட்டினார். கல்யாண வீடியோவில் அந்த இடத்தில் சத்தம் மட்டும்தான் வருகிறது, ஆள் தெரியாது. அன்றிலிருந்து அவரோடு நான் ஒரு வார்த்தை பேசினது இல்லை.

அதன் பிறகு நடந்தது. இந்த வருடம் ஆடி மாதம் என் மகன் தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு பழைய மீன்பிடிப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். பதினெட்டு வருடம் கடலில் ஓடின படகு. இன்ஜின் நல்லது. வயர்தான் நாசம். உப்புக் காற்றில் ஊறி, தொட்டால் மேல் உறை உதிர்ந்து, உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துக் கிடந்தது. முழு வயரிங்கும் மாற்ற வேண்டும் என்று என் மகன் என்னைக் கேட்காமல் ராஜா முகம்மதுவை வரச் சொல்லிவிட்டான்.

நவம்பர் 13 புதன்கிழமை காலை அவர் வந்தார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் வேலை. மூன்று நாளும் நான் படகின் பின்பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. மனுஷன் எங்கேயாவது தப்பு விடுவார், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எனக்கு இது தெரியாத வேலை இல்லை. திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமை இருபத்தாறு வருடம் ஒத்தையாகப் பார்த்தவள் நான். என் கணவரின் தங்கை மாயக்காளும் கரையில் மீன் கழுவிக்கொண்டு கூட இருந்தாள். அவர் எனக்குச் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்வார், நானும் அவளிடம் பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் நடுவே நான்கு அடிதான்.

“மாயக்கா, ஆத்தா காலடியில வயர் கிடக்கு, கொஞ்சம் நகரச் சொல்லு.”

“மாயி, நான் என் மகன் படகுல உக்காந்திருக்கேன்னு சொல்லு.”

“ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன செல்போன் டவரா மதினி? எனக்குக் கெண்டை கெட்டுப்போகுது” என்றாள் மாயக்காள்.

முதல் நாள் பழைய வயர் முழுவதையும் உருவி வெளியே போட்டார். ஒரு முழம்கூட உள்ளே விடவில்லை. இரண்டாம் நாள் புது வயர் இழுத்தார். வீட்டு வயர் இல்லை. இழை இழையாக, செம்பின் மேல் வெள்ளையாக ஈயம் பூசினது, கடல் படகுக்கு என்றே வருவது. அதைக் குழாய்க்குள் விட்டு, குழாயை அரை அடிக்கு ஒரு கிளிப் வைத்து மேல் விளிம்பில் அடித்தார். தண்ணீர் நிற்கிற அடிப்பக்கம் ஒரு இணைப்பும் வைக்கவில்லை. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பெரிய ஃபியூஸ், அதற்கப்புறம் முன் விளக்கு, ஹாரன், படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கிற குட்டி மோட்டார் மூன்றுக்கும் தனித்தனியாகப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, பகல் தொழுகைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போனார். அந்த நேரத்தில் நான் குனிந்து ஒவ்வொரு கிளிப்பையும் இழுத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு கிளிப். ஒன்றும் அசையவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது ஃபியூஸ் பெட்டிக்குள் மெல்லிசான ஃபியூஸ் கம்பி ஒரு சுருள் கட்டி வைத்துவிட்டு, மாயக்காளைப் பார்த்துச் சொன்னார். “மாயக்கா, ஆத்தாகிட்ட சொல்லிரு. தண்ணி மோட்டார் ஃபியூஸ் போச்சுன்னா வயரைக் குறை சொல்லக்கூடாது. மோட்டார்ல என்னமோ சிக்கியிருக்குன்னு அர்த்தம். மோட்டாரைக் கழத்திப் பாக்கணும். கம்பி மாத்தினா இந்தக் கம்பிதான். தடிச்சது போடக்கூடாது.”

“அவருக்கு மீசை முளைக்குமுன்னயே நான் ஃபியூஸ் போட்டவளாக்கும்னு சொல்லு மாயி” என்று சொன்னேன்.

அதன் பிறகு பத்து நாள் படகு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நவம்பர் 26 செவ்வாய்க்கிழமை என் மகன் ஒரு சோலியாகப் பெரியகுளம் போயிருந்தான். முந்தின நாள் மழையில் படகுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். இறைக்கலாம் என்று குட்டி மோட்டாரைப் போட்டேன். உறுமிவிட்டு நின்றது. ஃபியூஸ் போயிருந்தது. அவர் வைத்த மெல்லிசுக் கம்பியை மாட்டிப் போட்டேன். போனது. இன்னொரு தடவை மாட்டினேன். அதுவும் போனது. மோட்டாரைக் கழற்றிப் பார் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் சொல்லி நான் கேட்பதா என்றுதான் இருந்தது. எங்கள் மோட்டார் ரூமில் ஃபியூஸ் நிற்கவில்லை என்றால் தடித்த கம்பியைப் போட்டு ஓட்டிவிடுவோம். தோட்டத்தில் தண்ணீர் முறை இரண்டு மணி நேரம்தான், அதற்குள் பாய்ச்சியாக வேண்டும், யார் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு உட்காருவது. இருபத்தாறு வருடமும் அப்படித்தான் ஓட்டினேன். அதே மாதிரி, அவர் வெட்டிப் போட்ட துண்டு வயரை உரித்து, ஏழு இழையை முறுக்கி, தண்ணி மோட்டார் ஃபியூஸ் கட்டையில் நான் என் கையால் மாட்டினேன். மோட்டார் முனகிக்கொண்டு ஓடியது. தண்ணீர் வெளியே போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூடி போட்டு மூடினேன். என் மகனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு என் மகனும் வேலையாள் முத்துவீரனும் வலை எடுக்கப் போனார்கள். நடு அணையில் என் மகன் தண்ணி மோட்டாரைப் போட்டிருக்கிறான். மோட்டார் சிக்கி நின்றுவிட்டது, நான் முறுக்கின ஃபியூஸ் போகவில்லை, பெரிய ஃபியூஸ் மொத்தப் படகுக்கும் சேர்த்து என்பதால் அதுவும் போகவில்லை. வயர் பழுத்து, குழாய் உருகி, அதிலிருந்து டீசல் குழாயில் பிடித்துக்கொண்டது. என் மகன் வலது கையால் எரிகிற வயரைப் பிடித்து இழுத்ததில் உள்ளங்கை வெந்துவிட்டது. இரண்டு பேரும் தண்ணீரில் குதித்தார்கள். பரிசல்காரர்கள் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பாதிப் படகு எரிந்துவிட்டது. கரையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வியாழக்கிழமை என் மகன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, கரைக்கு இழுத்துப் போட்டிருந்த படகில் ஏறிப் பார்த்தேன். தண்ணி மோட்டாரைக் கழற்றினேன். உள்ளே சுற்றுகிற தண்டில் நைலான் வலை நூல் ஒரு கைப்பிடி இறுகிக் கிடந்தது. பீங்கான் கட்டை எரியாமல் கரி பிடித்திருந்தது. திறந்தேன். என் ஏழு இழையும் அப்படியே இருந்தன. மற்ற இரண்டு கட்டையிலும் அவர் போட்ட மெல்லிசுக் கம்பி இருந்தது. மோட்டாரையும் மூன்று கட்டையையும் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து இத்துடன் ஒப்படைக்கிறேன்.

வயரிங் சரியில்லாமல் தீப்பிடித்தது என்று என் மகன் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆளை விட்டு எழுதிக் கொடுத்திருப்பது தவறு. அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாது. தப்புக் கண்டுபிடிக்கவே மூன்று நாள் கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். அந்த வயரிங்கில் தப்பு இல்லை. எழுதும்போது ஏட்டய்யா “தெரியாமல் தடித்த கம்பி போட்டுவிட்டேன்” என்று எழுதினார். வாசித்துக் காட்டச் சொல்லி, அந்தத் “தெரியாமல்” என்பதை அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், காதில் வாங்கி, வேண்டுமென்றேதான் போட்டேன். வழக்கு என்றால் என் பேரில் எழுதிக்கொள்ளலாம். ராஜா முகம்மதுவை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதனால் அவரோடு நான் ராசியாகிவிட்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நதியா கல்யாண விஷயம் வேறு. அதற்கு இன்னும் அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை.

என் கேட்டுக்கொள்ளுதலின்பேரில், வெளியே நின்ற என் மகனையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ராஜா முகம்மதுவும் கேட்க இது வாசிக்கப்பட்டது. முடிந்ததும் என் மகன், “ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?” என்று கேட்டான். “நேத்துத்தாண்டா கட்டையத் தொறந்து பாத்தேன். உன் கை வலி கொஞ்சம் தணியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ அவர் பேரை எழுதிட்ட” என்றேன். அவன் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ஏட்டய்யாவை ஒரு தாளில் எழுதச் சொல்லி, வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் கையெழுத்துப் போட்டான். எழுத்துக் கோணலாக வந்தது. அது அவன் கையெழுத்துத்தான் என்று நான் சாட்சி சொல்கிறேன்.

இதில் உள்ளது எல்லாம் நான் பார்த்தது, செய்தது, முத்துவீரனிடம் கேட்டது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எந்தக் கோர்ட்டில் எந்த வருடம் கேட்டாலும் இதையே இதே வரிசையில் சொல்வேன்.

(கையொப்பம்) பா. முத்துமாரியம்மாள்

சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது. ஓர் இடத்தில் ஒரு சொல் அடிக்கப்பட்டுள்ளது.

(கையொப்பம்) சுரேஷ்கண்ணன், தலைமைக் காவலர்