வாசல் அக்கா தனக்குக் கட்டிக்கொண்ட பச்சைப் பட்டை

மேடையில் இருக்கும் தலைமை மருத்துவர் ஐயா அவர்களே, செவிலியர் சங்கத் தலைவி அம்மா அவர்களே, முன்வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் தையற்கார மாமா அவர்களே, வேலை முடிந்து உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். எனக்கு ஹாரன் அடிக்கத்தான் தெரியும், மைக்கில் பேசத் தெரியாது. சத்தம் கூடிப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? அவசரப் பிரிவின் மூத்த செவிலியர், நம் எல்லோருக்கும் வாசல் அக்கா! வண்டிக் கதவை நான் திறப்பதற்குள் வந்து நிற்கும் வாசல் அக்கா! முகத்தைப் பார்ப்பார், கையைத் தொடுவார், மூச்சைக் கவனிப்பார். அடுத்த நொடி மணிக்கட்டில் ஒரு பட்டை. உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். உட்கார்ந்து காத்திருக்கலாம் என்றால் பச்சை. முதலில் வந்தவர் யார், பெரிய மனிதர் யார் என்றெல்லாம் அந்த வாசலில் கேள்வியே கிடையாது.

ஒரு நாள் ஆலை முதலாளி ஒருவர் கால் சுளுக்கி வந்தார். கையில் பச்சைப் பட்டையைப் பார்த்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "நான் யாருன்னு தெரியுமா?" என்றார். "தெரியும்ணே. இவ்வளவு சத்தம் போடுற அளவுக்கு மூச்சு நல்லா ஓடுது. அந்த நாற்காலியில உக்காருங்க" என்றார் அக்கா. மனிதர் உட்கார்ந்துவிட்டார்!

அன்றைக்கே நான் கட்டடச் சாரம் சரிந்து அடிபட்டவர்களை ஏற்றி வந்தேன். இரண்டு பேர் கை உடைந்து அலறினார்கள். நான் அவசர அவசரமாக அவர்களைத்தான் முதலில் இறக்கினேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சத்தமே போடாம இருக்கிறது யாரு?" மூலையில் ஒரு கொத்தனார், "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று முனகினார். கை சில்லிட்டிருந்தது. அக்கா சிவப்பைக் கட்டினார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்ததை மருத்துவர் பிறகுதான் சொன்னார். அந்தக் கொத்தனார் அண்ணன் இதோ கடைசி வரிசையில் இருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம் அண்ணே, உட்காருங்கள்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்! இந்தக் கூடத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போதே என் காதில் விழுந்தது. "வேலை பார்த்த இடத்துலயே அந்தம்மாவ உக்கார வெச்சுக் கொன்னுட்டாங்களாம்." யார் சொன்னது? முதுகுக்குப் பின்னால் பேசாதீர்கள். நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அன்று அக்காவுக்கு விடுமுறை. காலையிலிருந்து தாடை வலி, வியர்வை. தன் வீட்டுக்காரரான நம் தையற்கார மாமாவிடம், சும்மா ஒரு எட்டு போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்திருக்கிறார். அதே நேரம் பேருந்து கவிழ்ந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள். அக்கா என்ன செய்தார் தெரியுமா? தட்டிலிருந்து ஒரு பச்சைப் பட்டையை எடுத்துத் தன் கையில் தானே கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் அழுத குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று வாசலில் அக்கா இடத்தில் நின்ற இளம் செவிலியர், நம் தங்கச்சி, கடமை தவறினாளா? இல்லை! பச்சை கட்டியவர்களையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது நம் வழக்கம். அவள் வந்தாள், பார்த்தாள், "என்னக்கா, முகம் வாடியிருக்கே?" என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணுமில்லடி, அவங்களப் பாரு." ஊருக்கே பட்டை கட்டிய கை சொல்லும்போது யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? அடுத்த சுற்றில் அவள் வந்தபோது அக்கா மாரடைப்பில் சரிந்திருந்தார், மூச்சு இல்லை. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை, இறுக்கிப் பிடித்திருந்தார்.

அக்கா, நீங்கள் செய்தது தப்பு! தப்பு, தப்பு, ஆயிரம் முறை தப்பு! "ஒண்ணுமில்ல" என்று சொன்ன கொத்தனாரை நம்பாத நீங்கள், உங்களை மட்டும் எப்படி அக்கா நம்பினீர்கள்? எனக்குக் கோபம் ஆறவே இல்லை.

ஐயா, சபையோரே, கண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதுமா? இன்றைக்கு ஓர் உறுதி எடுப்போம். நம்மில் ஒருவர் நோயாளியாக வந்தால், அவர் தனக்குத் தானே பட்டை கட்டக் கூடாது. எவ்வளவு மூத்தவரானாலும் கையை நீட்ட வேண்டும், வாசலில் நிற்பவர் பார்க்க வேண்டும். "ஒண்ணுமில்ல" என்று யார் சொன்னாலும் நாடி பிடிக்காமல் நகரக் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்தத் தங்கச்சி அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை. இப்போதும் உள்ளே வராமல் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். நேற்று நான் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு வேலைக்கு வந்துச்சா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டுவிட்டு, "வரச் சொல்லுப்பா. வாசல்ல ஆள் இல்லன்னா உங்கக்கா தாங்க மாட்டா" என்றார்.

தங்கச்சி, கேட்டியா? இது மாமா சொன்னது. நாளைக் காலையில் வண்டியோடு வருவேன். வாசலில் வந்து ஹாரன் அடிப்பேன். நீ வந்து கதவைத் திற.