ஊசிக்கு ரெண்டு காது

எனக்கு போன்ல பேசறதுன்னா ரொம்பப் பிடிக்கும். "உனக்கு சாப்பாடே வேணாம்டா, போனுக்கு சார்ஜ் இருந்தா போதும், உயிரோட இருந்துடுவ"ன்னு எங்கம்மா கிண்டல் பண்ணுவாங்க. அதனால ஆஸ்பத்திரியில நோயாளிங்களுக்கு போன் பண்ற இந்த வேலை கிடைச்சப்ப வீட்ல யாரும் ஆச்சரியப்படல.

விசாரணைக் கமிட்டியில மூணு பேர் இருந்தீங்க. நடந்தத உன் வார்த்தையிலயே டைப் பண்ணிக் குடுன்னீங்க. என் வார்த்தை இப்படித்தான் இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நான் உள்ள வந்ததும் நடுவுல இருந்த மேடம் என் சட்டைய பாத்துட்டு உதட்டைக் கடிச்சு சிரிப்ப அடக்கினீங்க. பாத்தேன். அந்தச் சட்டைக்கும் இதுல இடம் இருக்கு, வரேன்.

ஆராய்ச்சி என்னன்னு உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நாலாவதா யாராவது படிச்சா புரியணுமே. எடை குறைய ஆபரேஷன் பண்ணிக்கறவங்களோட இரைப்பைய டாக்டர் நீளவாக்குல வெட்டி, ஒல்லியா ஒரு குழாய் மாதிரி ஆக்கிடுவார். அதுக்கப்புறம் மூணு மாசம்தான் சிக்கல். வாந்தி, நெஞ்செரிச்சல், சாப்பிட்டது இறங்காம நிக்கறது. அதனால வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுவாங்க. வேலைக்கு லீவு போட்டு, பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்காந்து, கடைசில பாத்தா "நல்லா இருக்கீங்களா", "நல்லா இருக்கேன்". அவ்ளோதான். இதுக்கு எதுக்கு மனுஷன அலைய விடணும், வாரம் ஒரு போன் போதாதா? இந்தக் கேள்விய காபி மெஷின் பக்கத்துல வச்சு டாக்டர்கிட்ட கேட்டது நான்தான். "அப்ப நீயே நிரூபிச்சுக் காட்டுடா"ன்னு சொல்லிட்டு லிஃப்ட்ல ஏறிட்டார்.

நாப்பது பேர். ஆளுக்குப் பன்னெண்டு வாரம். வாரத்துக்கு ஒரு போன், ஒன்பது கேள்வி. அதுல மூணு சிவப்புக் கேள்வி: வாந்தி நிக்காம இருக்கா, நடந்தா தள்ளாடுதா, பார்வையில ஏதாவது மாத்தமா. மூணுல ஒண்ணுக்கு ஆமான்னாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடணும். பன்னெண்டு வாரத்துக்குள்ள நாப்பது பேர்ல ஒருத்தரும் அட்மிட் ஆகலன்னா, போன் போதும்னு நிரூபணம். சுவத்துல ஒரு சார்ட் ஒட்டினேன், நாப்பது கட்டம். ஆள் ஒழுங்கா முடிச்சா கட்டத்துக்கு பச்சை. ஸ்கெட்ச் பேனாவ நானே தேடிப்பிடிச்சு வாங்கினேன், இளம்பச்சை, கண்ணுக்குக் குளிர்ச்சியா.

டைலர் அக்கா நாப்பதாவது ஆள். கடைசியா சேந்தவங்க.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டுல ஒரே ஒரு தடவைதான் நேர்ல பாத்தேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "தம்பி, உனக்கு வலது தோள் அரை இஞ்ச் இறக்கம். ரெடிமேட் சட்டை உனக்கு ஆயுசுக்கும் உக்காராது"ன்னாங்க. டேப் கூட எடுக்கல. அப்புறம், "உங்க டாக்டரும் நானும் ஒரே தொழில்தான், தொளதொளன்னு இருக்கறத பிடிச்சுத் தைக்கறோம். என்ன, நான் தப்பாத் தைச்சா பிரிச்சுக்கலாம்"னாங்க. எனக்கு அங்கயே பிடிச்சுப் போச்சு. எல்லா வெள்ளிக்கிழமையும் அவங்க நம்பரத்தான் கடைசியா போடுவேன், நிதானமா பேசலாமேன்னு.

"எடை எவ்ளோக்கா?"

"எடையெல்லாம் காய்கறிக்கு. இடுப்புல நாலு இஞ்ச் போயிருக்கு, எழுதிக்க."

ஆறாவது வாரம் வாந்தி ஆரம்பிச்சுது. "தண்ணி குடிச்சா வாசல் கேட்டைத் தொட்டுட்டுத் திரும்பி வந்துடுது. அந்த சத்து மாத்திரையும் அப்படித்தான், என் வீட்ல தங்க மாட்டேங்குது"ன்னாங்க. "உங்க வாய்க்கு பயந்துருக்கும்க்கா"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். "லேசான தொந்தரவு"ன்னு எழுதினேன். அந்தச் சமயத்துல சார்ட்ல முப்பத்தொண்ணு பச்சை.

எட்டாவது வாரம், "கால் மெஷின மிதிக்குதா தரைய மிதிக்குதான்னே தெரியல. கடைக்குப் போனா குடிகாரி மாதிரி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு போறேன்"னாங்க. "எங்களுக்குக் கொஞ்சம் ஊத்தக் கூடாதா"ன்னேன். தள்ளாட்டம்: இல்லை.

ஒன்பதாவது வாரம், இது உங்ககிட்ட இருக்கற போன் ரெக்கார்டிங்ல இருக்கு, நீங்களே கேட்டுட்டீங்க. "தம்பி, ஊசிக்கு ரெண்டு காது தெரியுதுப்பா. எதுல நூல கோக்கறது?" நான், "ரெண்டுலயும் கோத்துடுங்கக்கா, டபுள் தையல்"ன்னேன். அவங்க இருமற அளவுக்கு சிரிச்சாங்க. பார்வை மாத்தம்: இல்லை. ஏன் அப்படி எழுதினன்னு கேட்டீங்க. அவங்க ஜோக் அடிச்சாங்க, ஜோக்குக்கு ஃபாரத்துல கட்டம் கிடையாதுன்னு சொன்னேன். ஓரத்துல இருந்த சார் அதைக் குறிச்சுக்கிட்டார். அது நல்ல பதில்னு எனக்கும் தோணுச்சு.

ஆனா ரெக்கார்டிங்ல இல்லாதது ரெண்டு இருக்கு. அதுக்காகத்தான் இத எழுதறேன்.

முதலாவது, எனக்குத் தெரியும். வாந்தி நிக்காம இருந்தா உடம்புல பி-ஒன் சத்து தீந்துடும், முதல்ல காலு, அப்புறம் கண்ணு, அப்புறம் மூளை. ஊசியில ஏத்தினா அரை மணி நேர வேலை. விட்டா திரும்பி வராது. இது எங்க கையேட்டுல பதினாலாம் பக்கம். அந்தப் பக்கத்தை டைப் பண்ணினதே நான்தான். "திரும்பி வராது"ங்கறத போல்டு பண்ணினதும் நான்தான். ரெண்டு காதுன்னு அவங்க சொன்ன அன்னைக்கு போன வச்சுட்டு அந்தப் பக்கத்தை எடுத்து ஒரு தடவை படிச்சேன். எழுத்துப்பிழை எதுவும் இல்ல. மூடி வச்சுட்டேன்.

நீங்க என்னை ஏதோ ஈரமில்லாதவன்னு நினைச்சிடக் கூடாது. யோசிச்சுப் பாத்தேன். சொன்னா அன்னைக்கே அட்மிஷன். அட்மிஷன்னா நாப்பதாவது கட்டம் சிவப்பு. ஒரு சிவப்பு வந்தா போன் போதாதுன்னு ஆயிடும். அப்புறம் எத்தனை பேர் காலங்காலமா பஸ் ஏறி வந்து பெஞ்சுல உக்காரணும்? ஒருத்தருக்காக அத்தனை பேர அலைய விடறதா? அதுவும் அக்கா நல்லாத்தான் பேசறாங்க. சரி, ஒரே கதைய ஒரே போன்ல மூணு தடவை சொன்னாங்க. எங்க சித்தப்பாவும் அப்படித்தான்.

ரெண்டாவது, பன்னெண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை அவங்க வீட்டுக்காரர் வந்தார். ஸ்கூல் வேன் ஓட்டறவர். பிள்ளைகள இறக்கி விட்டுட்டு, காக்கிச் சட்டையோட, ஒரு பார்சலோட நேரா என் ரூமுக்கு வந்துட்டார். பார்சல்ல சட்டை. எனக்காக அக்கா தைச்சது. நீலம், சின்னக் கட்டம், தோள் அளவு அச்சு அசலா இருந்துச்சு, அரை இஞ்ச் இறக்கத்தோட. ஆனா ரெண்டு கையும் இடது கை.

"முப்பது வருஷமா தைக்கறா தம்பி. பாத்துட்டு நல்லாத்தானே இருக்குங்கறா"ன்னார். "காலையில என்னைப் பாத்து, வேன் டிரைவர் இன்னும் வரலையான்னு கேக்கறா. நான் சிரிச்சுட்டேன், விளையாடறான்னு நினைச்சு. டாக்டர ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடறேனே."

டாக்டர் அடுத்த ரூம்ல இருந்தார். கதவு திறந்துதான் இருந்துச்சு, நாலு அடி. அவர் பேனாவ மூடற சத்தம் கேட்டுச்சு.

"நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேண்ணே"ன்னேன். "ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படி கொஞ்சம் மறதி வரும். வெள்ளிக்கிழமை பன்னெண்டு வாரம் முடிஞ்சு செக்கப்புக்கு எப்படியும் கூட்டிட்டு வரப்போறீங்க, மூணு நாள்தானே. போய் நிம்மதியா வண்டிய ஓட்டுங்க."

அவர் என் கைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு தேங்க்ஸ் சொன்னார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "சட்டைய வேணும்னா பிரிச்சுத் தரச் சொல்றேன்"னார். பரவால்லண்ணே, இதுவே நல்லா இருக்குன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு நாப்பதாவது கட்டத்துக்குப் பச்சை அடிச்சேன். ஒன்பது அஞ்சுக்கு டாக்டர் ரூமுக்கு ஓடினேன். ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினது நான், ஸ்ட்ரெச்சர் தள்ளினது நான், ஃபார்மசியில வரிசைய மீறி மருந்து வாங்கிட்டு வந்தது நான். அன்னைக்கு என் அளவுக்கு யாரும் ஓடல, நர்ஸ்கிட்ட கேட்டுப் பாருங்க. பன்னெண்டு வாரத்துக்குள்ள ஒருத்தரும் அட்மிட் ஆகலன்னு கட்டுரையில எழுதினோமே, அதுல ஒரு எழுத்து பொய் கிடையாது.

கண்ணு ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு. ஊசிக்கு இப்ப ஒரு காதுதான். அக்கா டக்குன்னு நூல கோத்துடறாங்க. கோத்தப்புறம், எதுக்குக் கோத்தோம்னு தெரியாம அப்படியே கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நடக்கறதுக்கு ஒரு ஆள் பிடிச்சுக்கணும். புதுசா நடக்கறது எதுவும் மனசுல தங்கறதில்ல. பத்து நிமிஷம், அவ்ளோதான்.

கடைசியா மேடம் ஒரு கேள்வி கேட்டீங்க, உனக்கு வருத்தமே இல்லையான்னு. இப்ப சொல்றேன்.

நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவங்கள போய்ப் பாக்கறேன். இப்ப போன் கிடையாது, நேர்லதான். பஸ் ஏறிப் போறேன். வீட்டுக்காரர் வேன் எடுத்துட்டுக் கிளம்பினப்புறம் போவேன். என் சட்டைய பாத்ததும் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. "எந்தக் கூறுகெட்டவன் தம்பி இத தைச்சான்? ரெண்டும் இடது கை. கழட்டிக் குடு, பிரிச்சு சரி பண்ணித் தரேன்." நான் குடுக்கறதில்ல.

அப்புறம் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சொல்லுவேன். கேள்வி, சார்ட், பதினாலாம் பக்கம், நாலு அடி. இப்ப உங்களுக்கு எழுதறேனே, இதே மாதிரி, ஒண்ணையும் மறைக்காம. சொல்லி முடிச்சுட்டு, என்னை மன்னிச்சிடுவீங்களாக்கான்னு கேப்பேன். அக்கா, "அட போப்பா, இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு. மன்னிச்சாச்சு, போ"ன்னு கன்னத்துல தட்டுவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, நீ யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேப்பாங்க.

ஒரு வாரம்கூட மாட்டேன்னு சொன்னதில்ல. வீட்ல என் ரூம் சுவத்துல அதுக்கும் ஒரு சார்ட் ஒட்டியிருக்கேன், வேணும்னா வந்து பாருங்க. இந்த வாரத்தோட பதினாலு கட்டம். பதினாலும் பச்சை.