வேலியைத் தாண்டிய கோரை

எனக்கு வயது நாற்பத்தேழு. தையல் தொழில். தெருவில் கத்தரிக்கோல் வீடு என்று கேட்டால்தான் என் வீட்டைக் காட்டுவார்கள். அப்பா விட்டுப்போன வீட்டின் இடது பாதியில் நானும், வலது பாதியில் அண்ணனும் அண்ணியும் குடியிருக்கிறோம். அண்ணன் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். பின்னால் தோட்டம், நடுவே இடுப்பளவு கம்பிவேலி. அண்ணனின் வலது மணிக்கட்டை உடைத்ததாக என்மேல் புகார். உடைத்தது நான்தான்.

ஆறு வருடத்துக்கு முன் தோட்டத்தில் கோரை முளைத்தது. கோரையை மேலோடு பிடுங்கினால் கிழங்கு மண்ணில் தங்கிவிடும், பத்தே நாளில் மறுபடி தலைகாட்டும். நான் ஒரு முழம் தோண்டி, மண்ணைச் சலித்து, கிழங்கைப் பொறுக்கி, வாளியில் போட்டு வெந்நீர் ஊற்றிக் கொல்வேன். அதன் பிறகு அண்ணன், "ஒவ்வொண்ணா பொறுக்கினா ஏழு ஜென்மம் ஆகும்" என்று சொல்லி, உழும் மிஷினை இரவல் வாங்கித் தன் பக்கத்தை ஓட்டினார். உழுதால் கிழங்கு நாலாபக்கமும் சிதறும் என்பது மண்ணைத் தொட்டவர்களுக்குத் தெரியும். அவருக்கு இரும்பு மட்டும்தான் தெரியும். மூன்று வாரத்தில் இரண்டு பக்கமும் கோரை மூடியது. கோரையைக் கொண்டுவந்ததே அவர்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குத் தோட்டம்தான் உயிர். போன வருடம் அம்மா கண்ணை மூடும்வரை அண்ணனோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது மருந்து நெடி வந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். அண்ணன் முதுகில் டேங்க் மாட்டிக் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தார். அம்மா நட்ட எலுமிச்சையின் இலைகளில் மருந்து சொட்டியது. "அண்ணா, காத்து இந்தப் பக்கம் அடிக்குது, நிறுத்து" என்றேன்.

"மரமும் சேர்ந்து சாகட்டும். அம்மாவை என்கிட்ட பேசவிடாம பண்ணின தோட்டம்தானே" என்றார்.

அதன் பிறகு நான் மண்வெட்டியை எடுத்து, வேலிக்கு மேலாக மருந்துக் குழாயை அடித்தேன். அவர் குழாயை விடவில்லை. அடி கையில் விழுந்தது. அவர் கீழே உட்கார்ந்து, இடது கையால் டேங்க் வால்வை மூடினார். அண்ணி எல்லாம் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். வேலிக்கு ஓணான் சாட்சி. அண்ணி அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

கோரை முதலில் எப்படி வந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கேஸுக்கு அது எதற்கு என்றேன். மறுபடி கேட்டார். பாத்தியை உயர்த்த நான் ஒரு வண்டி மண் இறக்கினேன். முதல் குருத்து அந்தக் குவியலில்தான் வந்தது. யாரும் பார்க்குமுன் அவசரத்தில் பிடுங்கி எறிந்தேன், கிழங்கை விட்டுவிட்டேன். இது அண்ணனுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாமலே போய்விட்டது.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கடைசிப் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். அது பொய்யா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.