கைக்கு லேசான கன்

தண்ணீர் அடிக்கிற புது கன் வாங்கப் போகிறவன் பழைய கன்னைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. கடையில் நின்று விரலை விரித்து அளவு காட்டுவார்கள். நான் பழையதைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனேன் ஐயா. அதனால் கடைக்காரர் ஏமாற்றி விற்றுவிட்டார் என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் அந்த மனிதர் சொன்னார். அவரை விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எங்களுடையது லாரி கழுவுகிற வாட்டர் சர்வீஸ். ஆயில் மாற்றுவதும் சாமான் வாங்குவதும் என் வேலை. தண்ணீர் அடிப்பது என் தங்கை வீட்டுக்காரர். பழைய கன்னில் ஸ்பிரிங் போய்விட்டது. விசையை விட்டாலும் தண்ணீர் நிற்கவில்லை.

"மச்சான், இந்த இரும்பத் தூக்கித் தூக்கி மணிக்கட்டே கழண்டுபோச்சு. இந்தத் தடவ லேசானதா பாத்து வாங்குங்க" என்றார் மாப்பிள்ளை. அவர் கேட்டதைத்தான் வாங்கினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் மிஷின் இருநூறு பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளும். கன்னும் அதைத் தாங்க வேண்டும். கடைக்காரர் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று உள்ளே பித்தளை போட்டது, நல்ல கனம். இன்னொன்று முழுக்க பிளாஸ்டிக். கைப்பிடியில் நூறு பார் என்று அச்சடித்திருந்தது.

"அண்ணே, இது வீட்ல காரு கழுவுறவங்களுக்கு. லாரிக்கு மாட்டினா கையிலயே பிளந்துக்கும். அப்புறம் வந்து என் சட்டையப் பிடிக்கக் கூடாது" என்றார்.

வீட்டுக்குத்தான் என்றேன். எங்கள் வீட்டில் கார் கிடையாது.

ஹோஸில் திருகுகிற மரை பொருந்தியது. மரை ஏறிவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டது என்று நினைப்பது தொழிலுக்குப் புதியவர்கள் செய்கிற தப்பு. நான் இருபத்திரண்டு வருடமாக இதில் இருக்கிறேன். மாட்டுவதற்கு முன்னால், கைப்பிடியில் இருந்த எழுத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன்.

மாப்பிள்ளை தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "என்ன மச்சான், பாப்பாவுக்கு வாங்கினத மாத்திக் கொண்டாந்துட்டீங்களா?"

"லேசா வேணும்னு நீங்கதானே கேட்டீங்க மாப்ளே."

"இன்னும் பத்து நாள் தாங்கினா போதும். அப்புறம் நீங்களே வெச்சு விளையாடுங்க."

பத்து நாளில் அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போவதாக இருந்தார். ரயிலில் ஒரு முழு நாள் போகிற தூரம். தங்கையையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போக டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மா போனபோது தங்கைக்கு ஆறு வயது. தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். எனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இவர்கள் போன பிறகு, எல்லோரும் சேர்ந்து இருந்த அந்த மூன்று அறைக்குள் நான் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கன் பிளந்தால் கையில் ஒரு கட்டு விழும். ஒரு மாதம் வீட்டில் கிடப்பார். அதற்குள் துறைமுகத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

நான்கு நாள் தாங்கியது. பிளக்கவும் இல்லை. கைப்பிடியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அதன் வழியே ஊசி மாதிரி ஒரு பீச்சல் அவர் வலது உள்ளங்கைக்குள் இறங்கியது. கிரீஸ் போவதற்காக நாங்கள் தொட்டியிலேயே மருந்து கலந்துதான் அடிப்போம். கையை உதறிக்கொண்டு வந்து காட்டினார். ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு மச்சான். இதுக்குப் போயா அப்படிக் கத்தினேன்?"

நான் முன்பு இருந்த பட்டறையில், பெயிண்ட் பீச்சுகிற கன் பட்டு ஒரு பெயிண்டருக்கு இதே மாதிரி ஒரு புள்ளி. மறுநாள்தான் டாக்டரிடம் போனோம். "உடனே வந்திருந்தா கீறிக் கழுவி விட்டிருப்பேன். இப்ப உள்ள போனது சதையத் தின்னுடுச்சு" என்று அவர் எங்களைத் திட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது.

"ஒண்ணுமில்ல மாப்ளே, பச்சத் தண்ணில கழுவிட்டு வேலையப் பாருங்க" என்றேன்.

மதியம் கை பன் மாதிரி உப்பியது. வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் தங்கை வந்து, "அண்ணா, விரலெல்லாம் நீலமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றாள். வண்டியில் பெட்ரோல் இல்லை என்றேன். இருந்தது.

"வாடகை வண்டி கூப்பிடு."

"வெறும் வீக்கம்மா. தூங்கி எந்திரிச்சா வடிஞ்சிடும்."

நான் சொன்னால் சின்ன வயதிலிருந்தே அவள் நம்புவாள். அன்றும் நம்பினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். துறைமுகத்தில் வேறு ஆள் வந்தாயிற்று. ரயில் டிக்கெட்டை நானே போய் ரத்து செய்தேன்.

கன்னைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். அந்தப் புள்ளி என்னவென்று தெரிந்து வாயை மூடிக்கொண்டதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பப் பாருங்கள் ஐயா. அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட ஆள் வேண்டும். தங்கை ஒருத்தி எத்தனையைத்தான் பார்ப்பாள்? இந்த மாதிரி நேரத்தில் கூடப்பிறந்தவன் பக்கத்தில் இல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?