கை காட்டியவர்

வானத்தில் ஒரு புள்ளியை விடாமல் பார்த்துக்கொண்டு நிற்பது லேசான வேலை இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. கழுத்து உளையும், கண் கூசும். கஜீபன் அதைச் சரியாகத்தான் செய்தான். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அரியாலைக் கடனீரேரியில் கண்டல் மரங்களை ட்ரோனால் படம் எடுப்பது எங்கள் வேலை. போகவேண்டிய பாதையைத் திரையில் கோடாகப் போட்டுவிட்டால், அது தன்பாட்டில் பறந்து திரும்பி வரும். தானாகப் பறந்தாலும் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் பறக்க வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் நான் திரையைப் பார்ப்பேன், கஜீபன் கரையில் நின்று வானத்தைப் பார்ப்பான்.

ஒருநாள் அந்தப் பாதைக் கோட்டைக் கொஞ்சம் தூரமாகப் போட்டுவிட்டேன். ட்ரோன் கண்டல் மரங்கள் மறைக்கும் திருப்பத்தைத் தாண்டிப் போனது. அங்கே வள்ளத்தில் நின்று வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதானவர் நிமிர்ந்து கை காட்டினார். அவருடைய பெயர் பொன்னம்பலம் என்பது இன்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் கொக்குவிலில் அக்காவின் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அக்கா குடும்பத்தோடு கனடாவில். பெரிய வீடு, உயர்ந்த மதில். படலையைப் பூட்டினால் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு ஒருவர் கை காட்டுவது சின்ன விஷயம் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் கோட்டை அவர் தலைக்கு மேலே போகும்படி நானே நீட்டினேன்.

"அண்ணை, கண்ணுக்குத் தெரியேல்லை. திருப்புங்கோ" என்று கஜீபன் கத்துவான்.

"அது தானா வரும். நீ நில்லு" என்பேன்.

பிறகு அவருக்குப் பழகிவிட்டது. ஏதோ காகம் பறக்கிறது என்பது போல, நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. தாழப் பறக்கவிட்டேன், அப்போதும் பார்க்கவில்லை. எனக்கு அது மிகவும் வலித்தது. சோறு இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை சோளகக் காற்று பலமாக வீசியது. திரையில் அவர் தெரிந்தார். ஒரு கையால் வலைத்தடியைப் பிடித்துக்கொண்டு மறுகையை ஆட்டினார். முன்பு போல ஒரு தடவை அல்ல, விடாமல் ஆட்டினார். என்மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது.

வள்ளம் கவிழ்ந்து கிடந்ததும் தெரிந்தது. தெரியவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். தண்ணீர் அவர் கழுத்தளவில் நின்றது.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை அண்ணை. உங்களுக்கு ஏதும் தெரியுதோ?" என்று கஜீபன் கேட்டான். அவனுக்குப் பின்னால் கரையில் இயந்திரப் படகுகள் நின்றன. ஆட்கள் இருந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்டுமில்லை. தண்ணிதான்" என்றேன்.

சொல்லியிருந்தால் படகு போய் அவரை ஏற்றியிருக்கும். ஆஸ்பத்திரி, வீடு, சொந்தக்காரர் என்று அவர் போயிருப்பார். அடுத்த கிழமை திரும்பவும் நிமிர்ந்து பார்க்காத மனிதராகியிருப்பார். ஆறுதலாக யோசித்தால் உங்களுக்கும் விளங்கும்.

ட்ரோன் திரும்பி வந்தது. பற்றரியை மாற்றி மறுபடி அனுப்பினேன். அவர் இன்னும் கை காட்டிக்கொண்டிருந்தார், கொஞ்சம் மெதுவாக. முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது, கீழே இறக்கினேன். வாய் அசைந்தது. அதில் சத்தம் வராது. என் பெயரைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "அருட்செல்வன்" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன்.

கடைசிப் பற்றரியைப் போட்டு அனுப்பியபோது தடி மட்டும் நின்றது.

படங்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன, நான் ஒன்றையும் அழிக்கவில்லை. அவரைச் சாகவிட்டது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். வெளியே அவருடைய மனைவி அழுவது இங்கே கேட்கிறது. "தனியக் கிடந்து செத்துப்போச்சுதே என்ரை மனுசன்" என்கிறார். அதை மட்டும் போய்த் திருத்திச் சொல்லுங்கள், ஐயா. அவர் தனியாக இல்லை. கடைசிவரை நான் கூடவே இருந்தேன்.