அரை அளவு

எனக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். மயக்க மருந்து டாக்டருக்கு ஊசிப் பயம் என்றால் யார் நம்புவார்கள்? ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்; என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். அடுத்தவர் வலி எனக்குப் புரியாது என்று, விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம் யாரோ சொன்னார்களாம். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

வயதானவர்களுக்கு முழு மயக்கம் கொடுத்தால் சிலருக்குத் தெளிய நாளாகும். பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பார்கள். சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளியே வருவதே இல்லை. பாதி மருந்து போதும் என்பது என் கணிப்பு. அதை நிரூபிக்க இருபது பேருக்குப் பாதி அளவு கொடுத்தேன். நோயாளிகளிடம் அனுமதி கேட்ட தாளில் ‘சற்றே குறைவாக’ என்று எழுதியிருந்தேன். சற்றே என்பதற்கு அளவுகோல் கிடையாது. உடம்பு அசையாமல் கிடக்கக் கொடுக்கும் மருந்தை மட்டும் குறைக்கவில்லை. நோயாளி துள்ளினால் சர்ஜனுக்குச் சிரமம்.

ஏழாவது ஆள் ஒரு தையல்காரம்மா. அறுபத்து மூன்று வயது, குடலில் கட்டி. கட்டியை எடுத்துவிட்டு, குடல் ஆறும்வரை வயிற்றில் ஒரு பையை மாட்டினோம். மறுநாள் காலை நான் போனபோது தெளிவாக உட்கார்ந்து மகளோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மகளை வெளியே அனுப்பிவிட்டு, ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“எல்லாம் கேட்டுச்சு தம்பி,” என்றார் மெதுவாக. “பெரிய டாக்டர் நாய்க்குட்டி வாங்கப் போறதச் சொன்னாரு. கடிக்காத ஜாதியாப் பாருங்கன்னு நீங்க சொன்னீங்க. வெட்டுனது, இழுத்தது எல்லாம் தெரிஞ்சுது. ஒரு விரலக்கூட அசைக்க முடியல.”

கனவு என்றேன். தலையாட்டினார். ‘நினைவு இல்லை’ என்று எழுதிக்கொண்டேன். வார்டு சிஸ்டர் பின்னாலேயே வந்து, நாய்க்குட்டிப் பேச்சு கனவில் எப்படி வரும் என்று கேட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்போதைக்கு அடங்கினாள்.

இரண்டு மாதம் கழித்து, பையை எடுத்துக் குடலை ஒட்டுவதற்காக அந்த அம்மா மறுபடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தத் தடவ நல்லாத் தூங்க வச்சிடுங்க தம்பி. உங்கள நம்பித்தான் வந்திருக்கேன்.”

கவலைப்படாதீர்கள் என்றேன். ஆனால் முழு அளவு கொடுத்து அவர் நன்றாகத் தூங்கிவிட்டால், போன தடவை விழித்திருந்ததாகச் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். ஒருவர் வாயால் அத்தனை பேரின் முடிவும் பாழாகும். பாதியே கொடுத்தேன்.

சர்ஜன் வேலையில் மூழ்கியிருந்தபோது குனிந்து அந்த அம்மாவின் காதில் பேசினேன்.

“அம்மா, கேக்குதுன்னு எனக்குத் தெரியும். முழிச்சதும் ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொல்லிடுங்க. இந்த மேசைக்கு மறுபடி வந்தாலும் நான்தான் மருந்து கொடுப்பேன்.”

நாடித்துடிப்பு எண்பத்தாறிலிருந்து நூற்று நாற்பதுக்குப் போனது. கண் திறக்காமல் இருக்க இமைமேல் ஒட்டியிருந்த பட்டைக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்தது. பட்டை நனைந்து கழன்றுவிடக் கூடாதே என்று பஞ்சால் ஒற்றியெடுத்தேன்.

மறுநாள் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், ஒன்றும் ஞாபகம் இல்லை என்றார். அப்படி எழுதிய தாளில் கையெழுத்தும் போட்டார்.

நான்காம் நாள் ஒட்டிய இடம் கசியத் தொடங்கியது. காய்ச்சல், வயிறு வீக்கம். உடனே திறந்து சரிசெய்தால் பிழைத்துவிடுவார் என்றார் சர்ஜன். அந்த அம்மா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். “செத்தாலும் அந்த மேசையில படுக்க மாட்டேன்,” என்றார். மகள் கெஞ்சினாள், திட்டினாள், காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எதுக்கும்மா பயப்படுற? இந்த டாக்டர்தான ரெண்டு தடவையும் உன்னப் பாத்துக்கிட்டாரு,” என்று என்னைக் காட்டினாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிலிருந்து மூன்றாம் நாள் மதியம் உயிர் போனது. அதன் பிறகுதான் சிஸ்டர் உங்களிடம் வந்திருக்கிறாள்.

மருந்தைக் குறைத்தது நான்தான். இருபது பேருக்கும். காதில் சொன்னதும் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் அவரைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. ஆய்விலிருந்து தாமாக விலகியவர் என்று என் குறிப்பேட்டில் தெளிவாக இருக்கிறது. நோயாளி வேண்டாம் என்று சொன்னால் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதில் நான் எப்போதும் கண்டிப்பானவன்.