அரைத்த மிளகாயும் திறக்காத வாயும்

மாண்பும் மதிப்பும் மிக்க தலைவர் அவர்களே, மனநோய்க்கு மருந்தளிக்கும் மருத்துவப் பெருமக்களே, பெரியோர்களே, பெற்று வளர்த்த தாய்மார்களே, இவன் எப்போது முடிப்பான் என்று கடிகாரம் பார்க்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் இந்த வெள்ளியங்கிரியின் வணக்கமுங்க!

"மனநல மருத்துவத்தில் தெய்வ நம்பிக்கை" என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பை எட்ட நின்று பார்த்தவன் நான். என்னை எதற்குக் கூப்பிட்டார்கள்? என் மகள் மதிவதனி குணமாகிவிட்டாளாம். குணமானாள்; எவ்வளவு காலம் கழித்து என்பதுதான் என் வருத்தம்.

தலைப்பிரசவத்துக்கு மதி எங்க ஊட்டுக்கு வந்திருந்த சமயம், எங்கள் கிணற்று மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போனான். என் மனைவி பொன்னாத்தாள் போலீசுக்கா போனாள்? ஆனைமலை மாசாணியம்மனிடம் போனாள்! மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி, திருடனைத் தண்டிக்கச் சொன்னாள். நானும் கூடப் போய், "ஆத்தா, கொஞ்சம் காட்டமாவே பிடி" என்று சிபாரிசு செய்தேன். சிரிக்காதீங்க, அஞ்சு எச்.பி. மோட்டாருங்க!

அடுத்த மாசம் நந்திதா பிறந்தாள். பிள்ளையை மதி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பேசவில்லை. தூங்கவில்லை. டவுன் டாக்டர், பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய் என்றார், சரியாகத்தான் சொன்னார். மாத்திரை கொடுத்தார், நல்ல மாத்திரைதான். அவளோ அதைத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டே வந்தாள். "சாமி..." என்று அவள் வாயெடுத்தபோது, "படிச்ச பொண்ணு இப்படிப் பேசலாமா?" என்றார் டாக்டர். திறந்த வாய் மூடிக்கொண்டது. மாதங்கள் ஓடின.

பிறகு டாக்டர் எஸ்தர் அம்மாவிடம் போனோம். கழுத்தில் சிலுவை. "இவங்களுக்கு நம்ம சாமியப் பத்தி என்னுங்க தெரியும்?" என்று பொன்னாத்தாள் என்னை இடித்தாள். அந்த அம்மா மதியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணு, எந்தச் சாமியக் கும்பிடறே? அந்தச் சாமிக்கு உம்மேல கோபமா?"

"ஆமாங்க. மோட்டார் ரூமைப் பூட்டாம வந்துபோட்டேனுங்க. திருடனுக்கு வழி விட்டது நானுங்க. அம்மா அரைச்ச மிளகா என்னையப் புடிச்சுபோட்டுதுங்க. மாத்திரை தின்னா ஆத்தாளுக்கு இன்னும் கோவம் வருமுங்க."

திருடனுக்கு அரைத்தது எங்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது! டாக்டர் சிரிக்கவில்லை. "கல்லைக் குளிர வைக்க உங்கள் கோயிலில் வழி உண்டா?" என்று எங்களையே கேட்டார். உண்டுங்க. அரைத்தவளே போய் எண்ணெய்க்காப்புச் செய்யலாம். "செய்யுங்கள். மாத்திரையையும் அம்மன் காலடியில் வைத்து எடுத்துக் கொடுங்கள். நோன்பிருக்கும் ஒரு முஸ்லிம் அம்மாவுக்கு மாத்திரை நேரத்தை மாற்றினேன், உங்களுக்கு இடத்தை மாற்றுகிறேன்" என்றார்.

பொன்னாத்தாள் போய்க் கல்லுக்கு எண்ணெய்க்காப்புச் செய்து, மாத்திரையை அம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்தாள். அன்றுதான் முதல் மாத்திரை மதியின் தொண்டையில் இறங்கியது. மெல்ல மெல்ல மீண்டாள்.

என்னுங்க, பின்வரிசை அண்ணா? எல்லாம் அம்மன் செயலா? இருக்கட்டுமுங்க. மாத்திரையை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் ஊற்றியிருந்தால் என் மகள் இன்று இல்லைங்க.

கைதட்ட வேண்டாம். நந்திதா தவழ்ந்ததை மதி பார்க்கவில்லை. பல் முளைத்ததைப் பார்க்கவில்லை. "அம்மா" என்ற முதல் சொல்லைக் கேட்டாள். அது பொன்னாத்தாளை அழைத்த சொல். கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ, மனசில் இருக்கும் பயத்தை மருத்துவர்களே, கேளுங்கள்! மக்களே, சொல்லுங்கள்!

இப்போதும் நந்திதா விழுந்து அழுதால், கை நீட்டும் பெற்றவளைத் தாண்டி ஓடி, பொன்னாத்தாள் சேலையைத்தான் பிடிக்கிறாள். நீட்டிய கையை மதி மெதுவாக மடக்கிக்கொள்கிறாள். இன்னொரு தாய்க்கு அந்த நிலை வேண்டாமுங்க.

பொறுத்துக் கேட்ட புண்ணியவான்களுக்கு நன்றி சொல்லி, கும்பிட்டு அமர்கிறேனுங்க.